குழாயடியில் விளைந்த குறுவை

விடுதியில் என்னோடு படுத்து எழுந்தவர்களே, சமையற்கட்டுக்குப் பின்னால் குழாயடியில் ஒரு கட்டில் அகலத்துக்கு நெல் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? தட்டு கழுவுகிற தண்ணீர் ஓடிச் சேருகிற இடத்தில். நீங்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னீர்கள். மூட்டையிலிருந்து சிந்தி முளைத்தது என்றாள் ஒருத்தி. அறிவியல் செய்முறைக்கு வளர்க்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. சமையல் சிஸ்டருக்கு ஏதோ வேண்டுதல் என்று எட்டாம் வகுப்பு அக்கா அடித்துச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. அந்த நெல் நிற்கிறவரைதான் எனக்கு அங்கே இடம் என்பதை அப்போது எப்படிச் சொல்வேன்? இன்று சொல்கிறேன். சொல்ல உட்கார்ந்ததுமே கை பரபரக்கிறது.

முதலில் என் அம்மா.

மண்ணச்சநல்லூரிலிருந்து உள்ளே போகிற சாலையில் எங்கள் ஊர். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என்ன வயது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவளுடைய கணக்கே வேறு. "பெரியவ வயித்துல இருக்கையில கெணறு வெட்டுனோம். ஒங்க அண்ணன் பொறந்தது மோட்டார் போட்ட வருசம். நீ, கொள்ளிடத்துல வெள்ளம் வந்துச்சு பாரு, அதுக்கு மறுவருசம்." மூன்று அக்காக்கள், ஓர் அண்ணன். எல்லாரும் வளர்ந்து, பெரியக்கா கையில் குழந்தையோடு வந்து நின்ற பிறகு நான் பிறந்தேன். ஊரே சிரித்ததாம். அம்மா எதையும் காதில் வாங்காமல் வேப்பமரத்துக் கிளையில் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டு வயலில் இறங்கினாளாம்.

அவள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. பால் கறந்து, சாணி அள்ளி, உலை வைத்து, எல்லாருக்கும் தூக்குவாளியில் சோறு கட்டி, வெயில் ஏறுவதற்குள் வரப்பில் நிற்பாள். "சத்த உக்காரும்மா" என்றால், "உக்காந்தா காலு மரத்துப் போவுதுடி" என்பாள். சேற்றிலேயே நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். அதற்கு மருதாணியை அரைத்து அப்பிக்கொள்வாள். அதனால் என் அம்மாவின் பாதம் வருடம் முழுவதும் கல்யாணப் பெண்ணின் பாதம்போலச் சிவந்திருக்கும். மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ள, உரச் சாக்கை மடித்துத் தைத்த கொங்காணி ஒன்று வைத்திருந்தாள். ஈரமும் உரமும் வியர்வையும் கலந்த அதன் வாசனைக்குள் நான் நுழைந்து உட்கார்ந்துகொள்வேன். இப்போது தேடினால் அந்தக் கொங்காணி இல்லை. மூடி நசுங்கிய தூக்குவாளியும் இல்லை. சிவந்த பாதம் மட்டும் இருக்கிறது.

நடவில் அம்மாதான் முதல் ஆள். வரிசையின் வலது ஓரத்தில் அவள் குனிந்தால் மற்றவர்கள் குனிவார்கள். அவள் வேகம்தான் அந்த வயலின் வேகம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம். எங்கள் ஊர்ப் பள்ளி அத்தோடு சரி. அக்காக்களும் அண்ணனும் அந்த ஐந்தைத் தாண்டியதில்லை. நானும் நின்றுவிட வேண்டியது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. திட்டக்கூட இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்.

"அவளும் எத்தனை நாளைக்குத்தான் ஒண்டியா மாரடிப்பா? வயசாவுதுல்ல. இவ ஒருத்தியாவது கூட நிக்கட்டும்."

"நான் கேட்டனா?" என்றாள் அம்மா.

"கேட்டாத்தானா? எனக்குக் கண்ணு இல்ல?"

இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அம்மாவின் மேல் இருந்த பிரியத்தில்தான் அவர் என் படிப்பை நிறுத்தப் பார்த்தார். அந்தப் பிரியம் வேண்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா விடவில்லை. தினமும் நச்சரித்தாள். கடைசியில் அப்பா சொன்னார்: "சரி. பஸ்ல தெனம் போயிட்டு வர்றதெல்லாம் கெடையாது. ஆஸ்டல்ல எடம் கெடச்சா அனுப்பு." கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். மே மாதமே அம்மா தனியாகத் திருச்சிக்குப் போய் நம் பள்ளி வாசலில் கேட்டிருந்தாள். இடமில்லை என்று வாட்ச்மேன் தாத்தா கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். தூரத்துத் தாழ்வாரத்தில் சாம்பல் நிறச் சேலையில் சிஸ்டர்கள் நடந்து போனதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள்.

பள்ளி திறந்துவிட்டது. என்னோடு படித்த பையன்கள் புது டவுசரோடு பஸ் ஏறினார்கள். நான் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த வாரம்தான் எங்கள் ரோட்டோர வயலில் குறுவை நடவு.

நடவு வயலில் ஒரு வழக்கம் உண்டு. வேற்று ஆள் யாராவது வரப்போரம் வந்தால், பெண்களில் ஒருத்தி ஒரு நாற்று முடியைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைப்பாள். ஒரு பிடி நாற்றை வேரோடு சேர்த்துக் கட்டியதுதான் நாற்று முடி. வைத்ததும் மற்றவர்கள் குலவை போடுவார்கள். வந்தவர் சிரித்துக்கொண்டு, "என்ன வேணும்?" என்பார். வெற்றிலைக்கோ டீக்கோ ஏதாவது கொடுத்துவிட்டுத் தாண்டிப் போவார். நாற்று திரும்ப வயலுக்கு வரும். காலடியில் நாற்று இருக்கும்போது இல்லை என்று சொல்லிவிட்டு யாரும் போக மாட்டார்கள்.

அன்றைக்கு நல்ல வேட்டை. உரக்கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினார். ஐஸ்காரர் மாட்டினார். "இனிமேத்தான் ஏவாரமே, என்னைப் போயி" என்று புலம்பிவிட்டு ஆளுக்கொரு சேமியா ஐஸ் கொடுத்தார். சேற்றுக் கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, எல்லாரும் சின்னப் பிள்ளைகள்போலச் சப்பினார்கள். எனக்கும் ஒன்று. குச்சியில் சேறும் சர்க்கரையும் சேர்ந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அப்போதுதான் எங்கள் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிற மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு சுமை ஆட்டோ வந்தது. எங்கள் வயலுக்கு நேராக டயர் பஞ்சர். டிரைவர் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார். முன்னாலிருந்து ஒரு சிஸ்டர் குடையோடு இறங்கி நின்றார்.

"அக்கா, அங்க பாரு, சிஸ்டரம்மா" என்றாள் சித்தி. அப்பாவின் தம்பி மனைவி, வாய்க்குப் பேர்போனவள்.

அம்மா நிமிர்ந்தாள். நடவின் நடுவில் அவள் நிமிர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "சாம்பக் கலரு பொடவ. அந்தப் பள்ளிக்கொடம்தான்டி."

"பெரிய சிஸ்டரா, சின்ன சிஸ்டரா, யாரு கண்டா?"

"பெரியவங்களாத்தான் இருக்கும். இத்தன மூட்ட அரிசிய யாரோ ஒருத்தர்கிட்ட நம்பி வாங்கியாரச் சொல்வாங்களா? எந்த வூட்லயும் அரிசி வாங்குறவங்கதானடி பெரியவங்க."

வயலில் யாருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. எனக்கும்தான்.

அம்மா நாற்று முடிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வாய்க்காலில் அலசினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினாள். பின்னால் குலவை கிளம்பியது. அம்மா குனிந்து சிஸ்டரின் செருப்புக்கு முன்னால் நாற்றை வைத்துவிட்டு, "என்ன வேணும்?" என்ற கேள்விக்காகக் காத்து நின்றாள். கேட்டதும் சொல்ல வேண்டியது அவள் உதட்டில் தயாராக இருந்தது.

சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாற்றைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "எனக்கா?" என்றார்.

"ஒங்களுக்குத்தாங்க சிஸ்டர்."

சிஸ்டர் குனிந்து அதை இரண்டு கையாலும் எடுத்தார். சேலையில் சேறு வழிந்தது. "இப்படி யாரும் எனக்குக் குடுத்ததே இல்லம்மா. ரொம்ப நன்றி. ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்றார். கண் கலங்கியிருந்தது. டயர் மாட்டி முடிந்திருந்தது. நாற்றை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

குலவை பாதியில் நின்றது.

"ஏண்டி, நாத்தையே தூக்கிட்டுப் போயிருச்சு" என்றாள் சித்தி. அவ்வளவுதான், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் ரோட்டில் நின்றபடி யோசித்தாள்.

"சிரிக்காதீங்கடி. எடுத்துட்டாங்கன்னா என்ன அர்த்தம்?"

"நாத்து போச்சுன்னு அர்த்தம்."

"ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். என்ன கேக்கறோம்னு நாமதான் சொல்லல. போயிச் சொல்லணும்."

அந்த நாற்று நட வேண்டிய மூலையை அம்மா வெறுமையாக விடச் சொன்னாள். மாலையில் அப்பா வந்து பார்த்தார். பச்சை வயலில் அந்த மூலை மட்டும் தண்ணீரும் சேறுமாகக் கிடந்தது.

"இதென்ன, நாத்து பத்தலையா?"

"அது டவுனுக்குப் போயிருக்கு" என்றாள் அம்மா. "பதிலு வந்ததும் நடுவேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் அந்தப் பக்கம் போனது அதுவே முதல் தடவை. ஜன்னலோரம் எனக்கு. கொள்ளிடம் பாலம் வந்ததும் மணல்காற்று முகத்தில் அடித்தது. அப்புறம் தென்னைகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்துக் கோபுரம். அம்மா உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். உடனே காவிரிப் பாலம். இரண்டு ஆறு ஒரே பஸ்ஸில். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்து, சர்ச்சைத் தாண்டும்போது அம்மா அதையும் அதே மாதிரி கும்பிட்டாள். "எந்தச் சாமி கையில நம்ம காரியம் இருக்கோ" என்றாள்.

கேட்டில் வாட்ச்மேன் தாத்தா மறித்தார். "அட்மிஷன் முடிஞ்சிருச்சும்மா. சொன்னேன்ல?"

"அட்மிசனுக்கு வரலைங்க. எங்க நாத்து ஒண்ணு இங்க வந்திருக்கு."

இப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டிருக்கவே மாட்டார். உள்ளே விட்டுவிட்டார்.

தலைமை சிஸ்டரின் அறையில் போய் நின்றோம். கண்ணாடிக்கு மேலாக அவர் பார்த்ததும் அம்மா என் காதில், "இவங்க இல்லடி" என்றாள். அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். தலைமை சிஸ்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"எங்க சிஸ்டர் ஒங்க வயல்ல நாத்து எடுத்துட்டாங்களா? கேக்காமலா?"

"நான்தான் வச்சேன். அவங்க எடுத்துட்டாங்க. எடுத்தா ஒரு பேச்சு இருக்கில்லைங்க."

ஆள் போய்க் கூப்பிட, கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார் அவர். நமக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேசரி கிளறுவாரே, அதே சமையல் சிஸ்டர். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஊரில் பிறந்தவர். நெல்லை அரிசியாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "வாங்கம்மா, வாங்க, நட்டு வச்சிருக்கேன், பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

குழாயடிக்குப் போனோம். நாற்று முடி கட்டுகூட அவிழ்க்காமல் பூச்செடிபோல ஒரே குழியில் நின்றது. சுற்றிச் செங்கல் வேறு அடுக்கியிருந்தது.

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிஸ்டருக்கும் தொற்றிக்கொண்டது. என்ன தப்பு என்று தெரியாமலே அவரும் சிரித்தார். அம்மா மஞ்சள் பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள். குழாயைத் திறந்து மண்ணைக் காலாலேயே மிதித்துச் சேறாக்கினாள். கட்டை அவிழ்த்து, இரண்டும் மூன்றுமாகப் பிரித்து, பின்னால் நகர்ந்தபடியே நட்டாள். அவள் விரல் போவதையே சமையற்கட்டுப் பெண்கள் கரண்டியோடு நின்று பார்த்தார்கள். தலைமை சிஸ்டரும் தாழ்வாரத்துக்கு வந்து நின்றார். நட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே அம்மா வழக்கத்தை விளக்கினாள். நாற்று வைத்தால் என்ன, எடுத்தால் என்ன, தனக்கு வேண்டியது என்ன என்று எல்லாவற்றையும்.

சமையல் சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, நான் பரிசுன்னு நெனச்சுட்டேன்மா. நான் சமையலுக்குத்தான் பொறுப்பு. சீட் குடுக்கற ஆள் நான் இல்லையே."

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. அரிசி வாங்குனது நீங்க. நாத்து எடுத்தது நீங்க."

தலைமை சிஸ்டர் சொன்னார்: "அம்மா, புரிஞ்சுக்கங்க. வகுப்புல கூட பெஞ்சுல நெருக்கி ஒக்கார வச்சுடலாம். ஹாஸ்டல்ல ஒரு கட்டில் இல்ல."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நட்ட நாற்று தண்ணீரில் மெல்ல ஆடியது. போய்விட்டது, கன்றுக்குட்டியிடம்தான் திரும்ப வேண்டும் என்று நினைத்தேன்.

"மதர்" என்றார் சமையல் சிஸ்டர் தயங்கித் தயங்கி. "அரிசி ரூம்ல ஒரு பாய் விரிக்கலாம். என் ரூமுக்குப் பக்கந்தானே. நாத்தை எடுத்துட்டேனே, மதர்."

தலைமை சிஸ்டர் குழாயடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்ப விளையும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"குறுவைங்க. பொரட்டாசிக்கு அறுக்கலாம்."

"அப்ப காலாண்டுப் பரீட்சையும் முடிஞ்சிருக்கும். அதுவரைக்கும் இருக்கட்டும். அதுக்கப்புறம் பாத்துச் சொல்றேன். வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன்."

அம்மா தலையாட்டினாள். கிளம்பும்போது என்னிடம் அழவோ கொஞ்சவோ இல்லை. "தண்ணி வத்த விட்டுடாத" என்றாள். நெல்லைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். ஊருக்குப் போனவள் வயலின் மூலையை நடவில்லை என்று அண்ணன் வந்து சொன்னான். முழுப் பதில் இன்னும் வரவில்லையாம்.

அரிசி அறைக்காரி என்று என்னைக் கேலி செய்தீர்களே, அது இப்படித்தான். மூட்டைகளுக்கு நடுவே பாய். சணலும் தவிடும் மணக்கும். எனக்கு அது வீட்டு வாசனை, சுகமாகத் தூங்கினேன். காலையில் பல் துலக்கும் முன்பே குழாயடிக்கு ஓடுவேன். பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டியது. தண்டு உருண்டது. தண்டுக்குள் கதிர் பொதி கட்டி, வெளியே வந்து பூத்தபோது நீங்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தீர்கள். எனக்கோ ஒரே சமயத்தில் சந்தோஷமும் கிலியும். மணி பிடிக்காவிட்டால் அம்மாவின் மானம் போகும். பிடித்துப் பழுத்துவிட்டால் என் கெடு முடியும். கதிர் மஞ்சளாகிக்கொண்டு வந்த வாரம்தான் காலாண்டுத் தேர்வு. ஆங்கிலத்தில் திணறினேன். கணக்கில் மட்டும் விடவில்லை. இடையில் சிட்டுக்குருவிகள் வேறு. என் பழைய பாவாடைத் துணியைக் கிழித்துத் தோரணம் கட்டினேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கேட்டில் வாட்ச்மேன் தாத்தா சத்தம் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "கையில அருவாளோட ஒரு பொம்பளை" என்று கத்தினார். நீங்கள் மாடியில் நின்று சிரித்தீர்கள். அந்தப் பொம்பளை என் அம்மா. மஞ்சள் பையில் துண்டு சுற்றிய கருக்கரிவாள்.

சமையல் சிஸ்டர் வந்து மீட்டார். மூவரும் குழாயடியில் நின்றோம். தலைமை சிஸ்டர் வரும்வரை அம்மா அரிவாளை எடுக்கவில்லை. அவர் வந்தார். கதிர் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். என் மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அறுக்கப் போறீங்களா?"

"நீங்க சொல்லுங்க. அறுக்கவா, வேணாமா?" என்றாள் அம்மா. அவள் கேட்டது வேறு. அவருக்கும் அது தெரியும்.

தலைமை சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையல் சிஸ்டர் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்.

"அறுங்க" என்றார். என் கெடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "அறுத்துட்டு, அடுத்த நடவுக்கு நாத்து கொண்டாங்க. எடம் சும்மா கெடக்கக் கூடாது."

சமையல் சிஸ்டர் குலவை போட முயன்றார். அது கூவலாக வந்தது. அம்மா குனிந்து அறுக்கத் தொடங்கினாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முன்னால் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் நாம் படித்த வருடமெல்லாம் அங்கே நெல் நின்றது. அடுத்த நடவில் எங்கள் ரோட்டோர வயலின் மூலையும் பச்சையானது. அன்று அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "டவுன்லேர்ந்து வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாராம்.

இப்போது அப்பா இல்லை. அம்மா எழுபதைத் தாண்டிவிட்டாள் என்று நாங்களாகச் சொல்லிக்கொள்கிறோம். நடவுக்கு மெஷின் வருகிறது. அது தவறவிட்ட இடங்களில் பின்னாலேயே போய்க் கையால் நடுவது அம்மாவும் சித்தியும்தான். கே.கே. நகரில் என் வீட்டுக்கு வந்தால் இரண்டாம் நாளே, "காலு மரத்துப் போவுது" என்று பையை எடுத்துவிடுவாள்.

நான் மின்சாரப் பொறியாளர். ஸ்ரீரங்கத்தில் அலுவலகம். எங்கள் குடும்பத்தில் ஐந்தைத் தாண்டிய முதல் ஆள், ஜீப்பில் போகிற முதல் ஆள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. இந்த ஆனியில் ஒரு டிரான்ஸ்பார்மரைப் பார்க்க எங்கள் ஊர்ப் பக்கம் போனேன். ரோட்டோர வயலில் பெண்கள் நின்றார்கள். ஜீப்பை விட்டு இறங்கினேன். சேறு சொட்டச் சொட்ட ஒருத்தி ஏறி வந்து என் ஷூவுக்கு முன்னால் ஒரு நாற்று முடியை வைத்தாள். பின்னால் குலவை.

"என்ன மேடம், பாக்காமப் போறீங்க?" என்றாள் என் அம்மா.

டிரைவர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்ன வேணும்?" என்றேன்.

அம்மா மேலே கையைக் காட்டினாள். வயலுக்குக் குறுக்கே மின்கம்பி தொய்ந்து கிடந்தது. "தலையில நாத்துக்கட்டோட நிமிர முடியல. பயமா இருக்கு. தூக்கிக் கட்டணும்."

"வீட்டுக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வூட்ல நீ எம் மவ. இங்க கேக்கறது வேற."

அன்று மாலைக்குள் ஆள் அனுப்பினேன், கம்பி ஏறிவிட்டது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு வேறொன்று தோன்றியது. குனிந்து நாற்றை இரண்டு கையாலும் எடுத்தேன். சட்டையில் சேறு வழிந்தது.

"போச்சுடி" என்றாள் சித்தி. "இதுவும் தூக்கிட்டுப் போவுது."

நான் ஜீப்பில் ஏறி நாற்றை மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இதை எங்க கொண்டுபோய் வைக்கறது?"

"நம்ம ஆபீஸ்ல குழாயடி எந்தப் பக்கம்ணே?" என்றேன்.